தவளையின் நாவும் நுரையீரலின் சாளரமும்

குருதியில் ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணு ஒன்று ஏதோ ஓரிடத்தில் நின்றாக வேண்டும். கிருமி புகுந்த இடமோ அடிபட்ட இடமோ, அங்கே நின்றால்தான் அது குழாயைவிட்டு வெளியேறித் தன் வேலையைச் செய்ய முடியும். ஓடும் வெள்ளத்தில் ஒரு பொருள் எப்படி நிற்கும் என்ற இந்த எளிய கேள்விக்கு விடை தேடி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக உடலியலாளர்கள் உழைத்திருக்கிறார்கள். விடையும் கிடைத்தது, பாடநூல்களில் ஏறியது. ஆனால் அந்த விடை நுரையீரலுக்கு முழுதாகப் பொருந்தவில்லை. ஏன் பொருந்தவில்லை, பொருந்தவில்லை என்று தெரிவதற்கே ஏன் அவ்வளவு காலமாயிற்று என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு கருவி எதைக் காட்டுகிறதோ அதனாலேயே வேறொன்றை மறைத்தும் விடுகிறது என்பதற்கு இந்த வரலாறு நல்லதொரு சான்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குருதியின் மிக நுண்ணிய குழாய்களாகிய தந்துகிகள் முதன்முதலில் மனிதக் கண்ணுக்குத் தெரிந்த இடமே நுரையீரல்தான். குருதி உடலைச் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628ஆம் ஆண்டு நிறுவினார். தமனியிலிருந்து சிரைக்கு அது எந்த வழியாகப் போகிறது என்பதை மட்டும் அவர் காணவில்லை. காணாமலேயே 1657-இல் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661-இல், பொலோன்யா நகரத்து மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியின் கீழ் வைத்து அந்த வழியைக் கண்டார். இதற்காகத் தவளைக் குலத்தையே ஏறக்குறைய அழித்துவிட்டதாக அவரே வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். தவளையின் நுரையீரல் ஒளி ஊடுருவும் எளிய பை. பாலூட்டிகளின் நுரையீரலோ கோடிக்கணக்கான காற்றறைகள் நெருங்கிய பஞ்சு. மால்பீகிக்குத் தவளை திறந்துகாட்டிய கதவைப் பாலூட்டிகள் அவ்வளவு எளிதில் திறந்துவிடவில்லை.

வெள்ளணுக்களின் கதையும் தவளையிடமிருந்தே தொடங்குகிறது. 1846-இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கில மருத்துவர் உயிருள்ள தவளையின் நாவை நீட்டிப் பரப்பி, அதன் மெல்லிய குழாய்களிலிருந்து நிறமற்ற அணுக்கள் வெளியே வருவதைக் கண்டு எழுதினார். நரம்பு அறுந்தால் அதன் எஞ்சிய பகுதி எவ்வாறு அழிகிறது என்ற ஆய்வினால் பின்னாளில் புகழ்பெற்ற அதே வாலர்தான். ஆனால் வெள்ளணு பற்றிய அவரது குறிப்பை அன்று எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தோரு ஆண்டுகள் கழித்து யூலியுஸ் கோன்ஹைம் அதே காட்சியை மீண்டும் கண்டார். இம்முறை உலகம் கவனித்தது.

கோன்ஹைமுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பெர்லினில் ருடோல்ஃப் விர்ஹோவின் நிறுவனத்தில் உதவியாளர். குராரே என்னும் நஞ்சைச் செலுத்தித் தவளையை அசைவற்றதாக்கி, அதன் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வைக் கண்ணாடியின்மேல் விரித்துவைத்து மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் குழாய்கள் விரிந்தன. பிறகு ஓட்டம் மெதுவாயிற்று. வெள்ளணுக்கள் நடுவோட்டத்தை விட்டுச் சிரையின் ஓரங்களில் ஒதுங்கின. தளம் பாவியதுபோல உட்சுவரில் வரிசையாகப் படிந்தன. அதன்பின் சுவரின் வெளிப்புறத்தில் சிறு புடைப்புகள் தோன்றி, பேரிக்காய் வடிவில் வளர்ந்து, காம்பற்று விழுந்தன. வெள்ளணு வெளியே வந்துவிட்டது. சீழ் என்பது குருதியிலிருந்து வந்த வெள்ளணுக்களின் திரளே என்று அவர் முடிவு செய்தார்.

இம்முடிவு அவருடைய ஆசிரியருக்கு உவப்பானதல்ல. சீழணுக்கள் அந்தந்த இடத்திலுள்ள திசுவின் உயிரணுக்கள் பெருகுவதால் உண்டாகின்றன என்பது விர்ஹோவின் கருத்து. கோன்ஹைம் இன்னொரு சோதனையும் செய்தார். நீலச்சாயத் துகள்களைத் தவளையின் உடலுக்குள் செலுத்தினார். வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கிக்கொண்டன. பின்னர் குருதிக்குழாயே இல்லாத விழிவெண்படலத்தில் காயம் உண்டாக்கினார். சில மணி நேரத்தில் நீலம் சுமந்த அணுக்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தன. ஆசிரியரை மறுக்கும் இக்கட்டுரை 1867-இல் விர்ஹோவ் நடத்திய இதழிலேயே வெளியானது. அந்தக் காலத்துக் கல்விச்சூழலின் பெருந்தன்மைக்கு இதையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

கோன்ஹைம் வகுத்த வழியிலேயே அடுத்த நூறாண்டுகள் சென்றன. தவளையின் நாக்கு, குடல் தாங்கும் சவ்வு, முயலின் காதில் பொருத்திய கண்ணாடி அறை, ஹாம்ஸ்டர் எலியின் கன்னப்பை என்று ஒளி ஊடுருவும் திசுக்கள் ஒவ்வொன்றாக ஆய்வுக்கூடத்திற்கு வந்தன. 1970களின் தொடக்கத்தில் ஆத்தர்டனும் குஸ்தாவ் போர்னும் இந்தக் கன்னப்பையிலும் சுண்டெலியின் குடற்சவ்விலும் வெள்ளணுக்கள் குழாய்ச் சுவரில் உருண்டு செல்வதை எண்ணி அளந்தார்கள். போர்ன், இயற்பியலாளர் மாக்ஸ் போர்னின் மகன்; பார்த்ததை எண்ணாக மாற்றாமல் அமைதியடையாத பரம்பரை. வெள்ளணு ஓட்டத்தோடு மிதந்துசெல்வதில்லை, சுவரைத் தொட்டுத் தொட்டுப் பற்றியும் விட்டும் உருள்கிறது என்பது அப்போது அளவுகளோடு நிலைநாட்டப்பட்டது.

அடுத்த கட்டம் விலங்கே இல்லாத ஆய்வு. 1973-இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் உடனிருந்தவர்களும் பிரசவத்திற்குப்பின் எறியப்படும் தொப்புள்கொடியின் சிரையிலிருந்து உட்சுவர் உயிரணுக்களைப் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்துக் காட்டினார்கள். குருதிக்குழாயின் உட்சுவரை இனி மேசைமேல் உண்டாக்கிக்கொள்ளலாம் என்றாயிற்று. இரண்டு தட்டுகளுக்கிடையே மெல்லிய இடைவெளி விட்டு, கீழ்த்தட்டில் இவ்வுயிரணுக்களைப் பரப்பி, உடலில் ஓடும் வேகத்திலேயே வெள்ளணு கலந்த நீர்மத்தைப் பாய்ச்சும் ஓட்ட அறைகள் வந்தன. 1991-இல் பாஸ்டனில் லாரன்ஸும் ஸ்பிரிங்கரும் உயிரணுக்களையும் விலக்கிவிட்டு, கண்ணாடியின்மேல் செயற்கைச் சவ்வு ஒன்றை விரித்து, அதில் இரண்டு புரதங்களை மட்டும் பதித்துப் பார்த்தார்கள். செலக்டின் என்ற புரதத்தின்மேல் வெள்ளணு உருண்டது, ஆனால் நிற்கவில்லை. ஐகேம் என்ற புரதம் மட்டும் இருந்தபோது ஓட்டத்தில் அது பற்றவே இல்லை. இரண்டும் இருந்து, வெள்ளணுவும் தூண்டப்பட்டபோது, உருண்டு வந்து உறுதியாக நின்றது.

முதலில் உருளல், பிறகு தூண்டல், அதன்பின் உறுதியான ஒட்டுதல், கடைசியில் வெளியேற்றம். இந்தப் படிவரிசை உயிரியலின் அழகிய விளக்கங்களில் ஒன்று. உறுதியாக ஒட்டும் படிக்கு வெள்ளணுவின் மேற்பரப்பிலுள்ள சிடி18 என்ற புரதக்குடும்பம் இன்றியமையாதது. அதற்கான சான்று ஆய்வுக்கூடத்திற்கு வெளியே, சில குடும்பங்களின் துயரத்தில் கிடைத்தது. பிறந்த குழந்தைக்கு ஓரிரு வாரங்களில் உதிர்ந்துவிட வேண்டிய தொப்புள்கொடி மூன்று வாரங்களுக்கு மேலாகியும் உதிராமல் நிற்கும். அடிக்கடி கடுமையான தொற்று வரும். குருதியில் வெள்ளணுக்கள் அளவுக்கு மிஞ்சி இருக்கும். ஆனால் புண்ணில் சீழ் பிடிக்காது. இத்தகைய குழந்தைகளைப் பற்றி 1979-இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அவர்களின் வெள்ளணுக்களில் சிடி18 இல்லை அல்லது மிகக் குறைவு என்பது 1980களில் தெளிவாயிற்று. வெள்ளணு குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. நிற்கத் தெரியாததால் வெளியேறவும் தெரியவில்லை. ஒட்டுதலை ஆராயக் கருவியாயிருந்த அதே தொப்புள்கொடியே, ஒட்டுதல் இல்லாத குழந்தையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகவும் இருந்தது.

*

இதுவரை சொன்னவற்றில் நுரையீரல் வரவில்லை என்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். வர முடியவில்லை. மார்பைத் திறந்தால் நுரையீரல் சுருங்கிவிடும். திறக்காவிட்டால் தெரியாது. எப்படியோ பார்க்க வழி செய்தாலும், மூச்சும் இதயத்துடிப்பும் அதை ஓயாமல் அசைத்துக்கொண்டிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத அணுவை அந்த அசைவில் பின்தொடர்வது எப்படி? ஆனால் வெள்ளணுவைப் பொறுத்தவரை உடலின் முதன்மையான உறுப்பே இதுதான். இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து வெளிவரும் குருதி முழுவதும், ஓய்வாக இருக்கும் ஒருவருக்கு நிமிடத்திற்கு சுமார் 5 லிட்டர், நுரையீரல் வழியாகத்தான் சென்றாக வேண்டும்.

பார்க்க முடியாதபோது எண்ணிப் பார்த்தார்கள். 1961-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆத்தென்ஸ், கார்ட்ரைட், வின்ட்ரோப் ஆகியோரின் குழு, மனிதரின் வெள்ளணுக்களை வெளியே எடுத்துக் கதிரியக்கப் பாஸ்பரஸால் அடையாளமிட்டுத் திரும்பச் செலுத்தியது. கணக்குப்படி குருதியில் இருக்க வேண்டிய அணுக்களில் ஏறக்குறையப் பாதியைக் காணோம். அவை அழிந்துவிடவில்லை; எங்கோ ஒதுங்கியிருந்தன. உடற்பயிற்சியோ அட்ரினலினோ அவற்றை மீண்டும் ஓட்டத்திற்குக் கொண்டுவந்தது. இந்த ஒதுங்கிய கூட்டத்திற்கு விளிம்புத் தொகுதி என்று பெயரிட்டார்கள். பெயரே கோன்ஹைமின் சவ்விலிருந்து வந்ததுதான். குழாயின் விளிம்பில் வெள்ளணுக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் அந்தப் பழைய காட்சி மனத்தில் இருந்ததால் வந்த பெயர். ஒதுங்கிய அணுக்களில் பெரும்பங்கு நுரையீரலில் இருக்கக்கூடும் என்பதற்கு அதற்கு முன்பே தடயங்கள் இருந்தன. ஆனால் அங்கே அவை ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றனவா என்று எவரும் கேட்கவில்லை.

கேள்வி எழுந்தது சற்றும் எதிர்பாராத ஓரிடத்தில். சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும்போது முதல் சில நிமிடங்களிலேயே குருதியின் வெள்ளணு எண்ணிக்கை அதலபாதாளத்திற்கு இறங்கிவிடுவதையும், சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே மீண்டும் ஏறிவிடுவதையும் 1968-இல் காப்லோவும் காஃபினெட்டும் பதிவு செய்தார்கள். குருதியைச் சுத்திகரித்த சவ்வு அந்நாளில் செலோஃபேன். அணுக்கள் சவ்வில் ஒட்டிக்கொண்டன என்று நினைப்பதே இயல்பு. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பிலிப் கிராடக், ஹாரி ஜேக்கப் குழுவினர் 1977-இல் வேறுவிதமாகச் சோதித்தார்கள். விலங்கின் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து, செலோஃபேனோடு சிறிது நேரம் வைத்திருந்து, சவ்வை அகற்றிவிட்டு அதே விலங்குக்குத் திரும்பச் செலுத்தினார்கள். வெள்ளணுக்கள் அப்போதும் காணாமல் போயின. முயல், செம்மறியாடு இரண்டிலும் இதுவே நடந்தது. நுரையீரலை வெட்டிப் பார்த்தால் நுண்குழாய்களில் அவை அடைந்துகிடந்தன.

செலோஃபேன், பிளாஸ்மாவில் செயலற்றுக் காத்திருக்கும் காம்ப்ளிமென்ட் என்னும் புரதத்தொகுதியைத் தூண்டிவிட்டிருந்தது. அதிலிருந்து உடைந்து பிரிந்த சிறு துண்டுகள் வெள்ளணுக்களை நுரையீரலில் நிறுத்தின. வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் நுரையீரலில் ஒவ்வொரு முறையும் இது நடந்துகொண்டிருந்தது. சிலருக்குச் சிகிச்சையின் தொடக்கத்தில் மூச்சு முட்டுவதற்கும் ஆக்சிஜன் குறைவதற்கும் இது ஒரு காரணமாயிருக்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். பிற்காலத்தில் காம்ப்ளிமென்ட்டை அவ்வளவாகத் தூண்டாத செயற்கைச் சவ்வுகள் பரவலானதற்கு இவ்வகை ஆய்வுகளும் ஒரு காரணம்.

ஆனால் வெள்ளணுக்கள் ஏன் நுரையீரலில் நின்றன? மினசோட்டா குழுவினரிடம் இருந்த கருவி அக்ரிகோமீட்டர். குருதித்தட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாவதை, கரைசலின் ஊடாக வரும் ஒளியின் அளவைக்கொண்டு அளப்பது. 1962-இல் இம்முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் மேலே நாம் சந்தித்த குஸ்தாவ் போர்னேதான். அதே கருவியில் வெள்ளணுக்களை இட்டுக் காம்ப்ளிமென்ட் துண்டுகளைச் சேர்த்தபோது அவை கட்டிகளாயின. ஆகவே நுரையீரலிலும் வெள்ளணுக்கள் கட்டியாகித்தான் குழாயை அடைக்கின்றன என்பது அவர்களின் விளக்கம். கட்டியாவதை அளக்கும் கருவி கட்டியாவதைக் காட்டியது.

இவ்விளக்கம் உடனே ஒரு பெரிய நோயின்மேல் ஏற்றப்பட்டது. 1967-இல் டென்வர் நகரத்தின் ஆஷ்பா, பெட்டி முதலியோர் லான்செட்டில் 12 நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள். விபத்து, தொற்று என்று காரணங்கள் வேறு வேறு; ஆனால் எல்லாருக்கும் நுரையீரல் திடீரென விறைத்து, நீர் கோத்து, எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் குருதியில் ஏறாத நிலை. 12 பேரில் 7 பேர் இறந்தார்கள். தீவிர மூச்சுத்திணறல் கூட்டறிகுறி என்று இன்று அறியப்படும் இந்நோயில் இறந்தவர்களின் நுரையீரலில் வெள்ளணுக்கள் குவிந்திருந்தன. குவிவதைத் தடுத்தால் உயிரைக் காக்கலாமே என்ற நம்பிக்கை 1980களில் வலுப்பெற்றது. வெள்ளணுவே ஏறக்குறைய இல்லாத நோயாளிகளுக்கும் இந்நோய் வருகிறது என்று 1986-இல் வெளியான பதிவுகள் அந்த நம்பிக்கையைச் சற்றே அசைத்தன, முற்றிலும் கலைத்துவிடவில்லை.

*

நுரையீரலை நேராகப் பார்க்கும் முயற்சி இதற்கிடையே தனிப்பாதையில் நடந்துகொண்டிருந்தது. 1939-இல் ராபர்ட் டெரி உயிருள்ள விலங்கின் மார்புச் சுவரில் ஒரு கண்ணாடிச் சாளரம் பொருத்தும் முறையை அறிவித்தார். 1965-இல் வில்ட்ஸ் வாக்னரும் ஜைல்ஸ் ஃபில்லியும் நாயின் மார்பில் பொருத்தத்தக்க சாளரத்தை உருவாக்கினார்கள். சாளரத்தின் அடியில் மெல்லிய உறிஞ்சுதல் கொடுத்து, நுரையீரலின் ஒரு சிறு பரப்பைக் கண்ணாடியோடு ஒட்டி அசையாமல் நிறுத்தலாம். மற்ற பகுதி மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்.

1987-இல் டென்வரில் டெனிஸ் லியன், வொர்தென், வாக்னர் முதலியோர், நாயின் வெள்ளணுக்களை ஒளிர்சாயத்தால் அடையாளமிட்டு இந்தச் சாளரத்தின் வழியாகப் பார்த்தார்கள். கோன்ஹைமின் தவளையில் வெள்ளணுக்கள் ஒதுங்கியது தந்துகிகளை அடுத்த சிறு சிரைகளில். இங்கோ அவை நின்றது தந்துகிகளுக்குள்ளேயே. சில அணுக்கள் இரண்டு வினாடிக்கும் குறைவாக நின்று நகர்ந்தன. சில இருபது நிமிடங்களுக்கு மேலாகியும் நகரவில்லை. நோயோ தூண்டலோ எதுவுமில்லாத இயல்பான நுரையீரலில் இது நடந்தது. உருளல் எதையும் காண முடியவில்லை.

காரணத்தைத் தேடிக் கண்டது கனடாவின் வான்கூவர் நகரில் ஜேம்ஸ் ஹாக்கின் ஆய்வுக்கூடம். அவர்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டார்கள். நியூட்ரோஃபில் எனப்படும் முதன்மை வெள்ளணுவின் விட்டம் ஏறக்குறைய 7 மைக்ரோமீட்டர். நுரையீரல் தந்துகிகளின் விட்டம் 2 முதல் 15 மைக்ரோமீட்டர் வரை; அவற்றுள் பல அணுவைவிடக் குறுகியவை. நுண்தமனியிலிருந்து நுண்சிரைக்குப் போக ஓர் அணு 40 முதல் 100 வரையிலான தந்துகித் துண்டுகளைக் கடக்கிறது. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. நொடியில் மடிந்து நுழைந்துவிடும். வெள்ளணு உட்கருவையும் கெட்டியான உடலையும் சுமந்துகொண்டு மெல்ல மெல்ல நீண்டுதான் நுழைய முடியும். எனவே சிவப்பணுக்கள் முன்னே போய்விட, வெள்ளணுக்கள் பின்தங்குகின்றன. அவை ஒதுங்கியிருந்தது ஒட்டிக்கொண்டதால் அல்ல. சந்தில் உடலைக் குறுக்கி நுழையும் நேரத்தில் நாம் அவற்றை எண்ணியிருக்கிறோம். அணுவைவிடக் குறுகலான குழாயில் உருள்வதற்கு இடம் ஏது?

1989-இல் வொர்தென், டவுனி முதலியோர் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு அடுத்த படி. பாக்டீரியாவின் வாடையை ஒத்த ஒரு பொருள் பட்டவுடன் வெள்ளணு விறைத்துப்போகிறது. அதன் உட்கட்டமைப்பிலுள்ள ஆக்டின் இழைகள் இறுகுகின்றன. நுண்துளை வடிகட்டிகளிலும் நுரையீரலிலும் விறைத்த அணுக்கள் தங்கிவிட்டன. தொடக்கத்தில் தங்குவதற்கு சிடி18 தேவைப்படவில்லை. நெடுநேரம் நிலைத்திருக்கவே அது தேவைப்பட்டது. கட்டியாவது, ஒட்டுவது, விறைப்பது என்று ஒரே நிகழ்ச்சிக்கு மூன்று கருவிகள் மூன்று காரணங்களைச் சொல்லியிருந்தன. மூன்றும் தத்தம் அளவில் உண்மை. நுரையீரலில் முதலில் நடப்பது எது என்பதே கேள்வி.

இதைத் தீர்க்கமாகக் காட்டிய சோதனை கிளேர் டோர்ஷக்கும் ஹார்லன், வின், காக்ஸன் ஆகியோரும் 1990-இல் வெளியிட்டது. சிடி18-ஐ மூடிவிடும் ஓர் ஆன்டிபாடியை முயல்களுக்குச் செலுத்தினார்கள், 60.3 என்பது அதன் பெயர். பிறகு நிமோனியாவை உண்டாக்கும் நியுமோகாக்கஸ் கிருமியை உடலின் இரு வேறு இடங்களில் வைத்துப் பார்த்தார்கள். வயிற்றுச் சுவரில் வெள்ளணுக்கள் வெளியேறவில்லை. கோன்ஹைமின் நியதி அங்கே செல்லுபடியாயிற்று. நுரையீரலில் அவை எந்தத் தடையுமின்றி வெளியேறின. வேறு சில தூண்டல்களுக்கோ, எடுத்துக்காட்டாக ஈ.கோலை பாக்டீரியாவின் எண்டோடாக்சினுக்கு, நுரையீரலிலும் சிடி18 தேவைப்பட்டது. ஆக, நுரையீரலில் இரண்டு வழிகள் உண்டு. வந்த விருந்தாளியைப் பொறுத்து வாசல் மாறுகிறது. சிடி18 இல்லாமல் பிறந்து இறந்த குழந்தைகளின் பிணப்பரிசோதனையிலும் இதே செய்தி எழுதப்பட்டிருந்தது: மற்ற இடங்களில் குழாய்க்கு வெளியே காணக் கிடைக்காத வெள்ளணுக்கள் நுரையீரலின் காற்றறைகளில் இருந்தன.

இது ஆய்வுக்கூடத்து நுணுக்கம் மட்டுமல்ல. புகைபிடிக்கும்போது மனித நுரையீரலில் வெள்ளணுக்கள் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் தங்குகின்றன என்று மெக்னீயும் ஹாக்கும் உடனிருந்தவர்களும் 1989-இல் கதிரியக்க அடையாளத்தின் துணையோடு காட்டினார்கள். திசுவைக் கரைக்கும் நொதிகளைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு சிகரெட்டுக்கும் சற்று நேரம் நுரையீரலில் தங்கிச்செல்லும் அணுக்கள், பல ஆண்டுகளில் என்ன செய்யும் என்பதை ஊகிக்கலாம்.

மருந்துகளின் கதையும் உண்டு. ஒட்டுதலைத் தடுத்தால் அழற்சியைத் தடுக்கலாம் என்ற நம்பிக்கையில் 1990களில் பல ஆன்டிபாடிகள் மனிதரிடம் சோதிக்கப்பட்டன. குருதியிழந்து அதிர்ச்சிக்குள்ளானவர்களுக்குச் சிடி18-ஐத் தடுக்கும் மருந்து, எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. பக்கவாதத்திற்கு, ஐகேமைத் தடுக்கும் என்லிமோமாப், மருந்து பெறாதவர்களைவிடப் பெற்றவர்களின் நிலையை மோசமாக்கியது என்று 2001-இல் முடிவு வெளியானது. சுண்டெலியிலிருந்து பெறப்பட்ட அந்த ஆன்டிபாடியே அழற்சியைத் தூண்டியிருக்கலாம் என்பது பின்னர் சொல்லப்பட்ட விளக்கங்களுள் ஒன்று. வேறு நோய்களில் இவ்வகை மருந்துகள் வெற்றி பெற்றதும் உண்டு என்பதால் கொள்கையே பிழை என்று சொல்வதற்கில்லை. ஓர் உறுப்பில், ஒரு விலங்கில், ஒரு தூண்டலில் கண்டதை எல்லாவற்றுக்குமாக நீட்டியதுதான் பிழை.

*

பின்வந்த முறைகள் இந்தப் பாடத்தை ஓரளவு கற்றுக்கொண்டவை. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் வெள்ளணுக்களை எண்ணுவது பழைய வழக்கம். ஆனால் அது கடைசிப்படியை, காற்றறைக்கு வந்துவிட்டவற்றை மட்டுமே காட்டும். திசுவை அரைத்து அதிலுள்ள நொதியை அளந்தால் குழாய்க்குள் நின்றவையும் வெளியேறியவையும் ஒன்றாகக் கலந்துவிடும். 2005-இல் வர்ஜீனியாவில் ராய்ட்டர்ஷானும் கிளாஸ் லையும் உடனிருந்தவர்களும் இதற்கு எளிய வழி கண்டார்கள். சுண்டெலியின் உயிர் பிரிவதற்குச் சற்று முன் ஒளிரும் ஆன்டிபாடி ஒன்றைக் குருதிக்குள் செலுத்தினார்கள். குழாய்க்குள் இருக்கும் வெள்ளணுக்கள் மட்டும் சாயமேறும், வெளியேறியவை ஏறாது. குழாய்க்குள் எத்தனை, சுவர்களுக்கிடையே எத்தனை, காற்றறைக்குள் எத்தனை என்று தனித்தனியே கணக்கெடுக்க முடிந்தது. 2010-இல் ஹார்வர்டில் டோங்கூன் ஹூவும் டொனால்ட் இங்பரும், நெகிழும் மெல்லிய சவ்வின் ஒருபுறம் மனிதக் காற்றறை உயிரணுக்களையும் மறுபுறம் மனிதத் தந்துகி உயிரணுக்களையும் வளர்த்து, மூச்சுப்போல அதை இழுத்துத் தளர்த்தும் சில்லு ஒன்றை உருவாக்கினார்கள். காற்றுப்பக்கம் பாக்டீரியாவை வைத்தால் குருதிப்பக்கம் வெள்ளணு ஒட்டி, சவ்வைக் கடந்து சென்று அதை விழுங்கியது.

2011-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் மார்க் லூனி, மாத்யூ கிரம்மல் குழுவினர் வாக்னரின் உறிஞ்சும் சாளரத்தைச் சுண்டெலியின் மார்புக்கு ஏற்பச் சிறிதாக்கி, இரு ஒளித்துகள் நுண்ணோக்கியோடு இணைத்தார்கள். ஒவ்வொரு வெள்ளணுவையும் மூன்று பரிமாணங்களில் நிமிடக்கணக்கில் பின்தொடர முடிந்தது. அதே சாளரம் 2017-இல் எவரும் தேடாத ஒன்றையும் காட்டியது. எலும்பு மஜ்ஜையில் மட்டும் உண்டாவதாக நெடுங்காலம் கருதப்பட்ட குருதித்தட்டுகளில், சுண்டெலியைப் பொறுத்தவரை, ஏறக்குறையப் பாதி நுரையீரலில் உண்டாகின்றன. நுரையீரலை மூச்சுக்கான உறுப்பு என்று மட்டும் எண்ணியிருந்தவர்களுக்கு அது நல்ல அதிர்ச்சி.

ஆயினும் இந்தச் சாளரத்திற்கும் சட்டம் உண்டு. காற்று நிறைந்த திசுவில் ஒளி சிதறிவிடுவதால் மேற்பரப்பை ஒட்டிய சில காற்றறைகளின் ஆழம் வரைதான் காண முடியும். உறிஞ்சிப் பிடித்த இடம் இயல்பாக அசைவதில்லை. விலங்கு மயக்கத்தில் இருக்கிறது. அது சுண்டெலி, மனிதன் அல்ல. சில்லில் வளரும் உயிரணுக்களுக்கோ கடந்து செல்ல நூறு சந்துகள் இல்லை. இவற்றைக் குறைகள் என்பதைவிட, காட்சியோடு சேர்த்து வாசிக்க வேண்டிய அடிக்குறிப்புகள் என்பது பொருந்தும்.

கோன்ஹைம் தாம் கண்டதைச் சரியாகவே எழுதினார். தவளையின் சவ்வில் அன்று நடந்தது இன்றும் அப்படியே நடக்கிறது. பிழை பின்வந்தவர்களுடையது, ஒளி ஊடுருவிய இடத்தில் கண்டதை, ஒளி புகாத இடத்திற்கும் கேட்காமலே எழுதிவைத்தது. அந்தப் பிழையைத் திருத்த எண்ணற்ற தவளைகளும் முயல்களும் நாய்களும் உயிர் கொடுத்திருக்கின்றன. தொப்புள்கொடி உதிராத சில குழந்தைகளின் வாழ்வும் அதில் சேர்ந்திருக்கிறது. மூச்சை இழுத்துவிடும் இந்த நேரத்திலும், நம் நுரையீரலின் குறுகிய சந்துகளில் கோடிக்கணக்கான வெள்ளணுக்கள் உடலை நீட்டி மெல்ல நுழைந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் எது நிற்கும், எது கடந்துபோகும் என்பதை முழுதாகச் சொல்லும் கருவி இன்னும் செய்யப்படவில்லை.